கட்டிலண்ணன்

“கை இருக்கு, காலு இருக்கு, மூணு வேளை திங்க வாயும் இருக்கு, இதுல எந்த எடத்துல ஊனம்னு ஆபீசர்கிட்ட காட்டப் போறீங்க மதினி?” என்று ரெக்ஸி கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அதையே இன்னொரு முறை, இந்தத் தடவை கைக்கும் காலுக்கும் முன்னால் ‘நல்லா’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, ஜன்னல் வழியே தெருவுக்கும் ஒரு பங்கு போகட்டும் என்று குரலை ஏற்றிக் கேட்டாள்.

“ஒம் மூளை எந்த எடத்துல இருக்குன்னு நீ மொதல்ல காட்டு. நானும் தேடிப் பாத்துட்டேன், அகப்படல” என்றாள் மெட்டில்டா.

ரெக்ஸி, மெட்டில்டாவின் தம்பி கிறிஸ்பினின் மனைவி. நல்ல பெண், அதாவது தன் வேலை தன் பிள்ளை தன் சீரியல் என்று இருக்கிற, அடுத்தவர் கஷ்டத்தைக் கண்டால் தன் கஷ்டம் பெரியது என்று உடனே நிரூபித்துவிடுகிற நல்ல பெண். பேச்சுக்கு உரியவளோ பதினைந்தடி தள்ளி, உள்ளறையில், தேக்குக் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் பெயர் அமலோற்பவம், வீட்டில் அமலி. மெட்டில்டாவின் தங்கச்சி, பன்னிரண்டு வயது இளையவள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை, ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தப் போன அமலி டீச்சர், சாக்பீசைக் கையில் எடுத்துக் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். கை மேலே போகவில்லை. மணியடிக்கும்வரை அப்படியே நின்றாள். பிள்ளைகள், டீச்சர் ஏதோ புது விளையாட்டு வைத்திருக்கிறார் என்று மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மணியடித்ததும் அவள் வழக்கமான பஸ் ஏறி வீட்டுக்கு வந்து இந்தக் கட்டிலில் படுத்தாள். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு கக்கூசுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள், வருவாள். யாராவது ஊட்டினால் சாப்பிடுவாள். டாக்டர் ஒருமுறை துருவித் துருவிக் கேட்டபோது, “நனைஞ்ச சாக்கை எடுத்து ஒடம்பு முழுக்கச் சுத்தித் தச்சு வச்ச மாதிரி இருக்கு சார்” என்று சொன்னாள். அந்த வருடத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். டாக்டர் அதைச் சீட்டில் இரண்டே இரண்டு ஆங்கில வார்த்தையாகச் சுருக்கி எழுதிக்கொண்டார்.

வேதக்குளத்து மக்களுக்கு அந்த இரண்டு வார்த்தையும் பிடிபடவில்லை, பிடிபட்டதெல்லாம் நடைதான். “எந்திரிச்சு நாலு எட்டு நடந்தாச் சரியாப் போயிரும்” என்றார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் சொன்னார்கள், வெறுங்கையோடு வந்தவர்கள் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள், பால்காரர் சொன்னார், பங்குச் சாமியார் சொன்னார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து போட்டவர் சில்லறைக்குக் காத்திருந்த நேரத்தில் எட்டிப்பார்த்துச் சொன்னார். ஆறு வருடம், தினமும், அந்தக் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, எந்திரி, நட, எந்திரி, நட. கல்லாக இருந்தால்கூடக் கரைந்திருக்கும்.

தவக்காலத்தில் அப்பா சவரிமுத்து வாத்தியார் இறந்துபோனதில்தான் விஷயம் முற்றியது. அவருடைய பென்ஷன், சம்பாதிக்க முடியாத பிள்ளை என்று ஒன்று இருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் வரும். ஆனால் முடியாது என்பதைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு மருத்துவக் குழு அளந்து, நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் ஊனம் என்று சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் வந்தால் அமலி இந்த வீட்டிலேயே இருக்கலாம், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் கிறிஸ்மஸ் கழிந்ததும் மலையடிவாரத்துக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டை விற்பது என்று கிறிஸ்பின் சொல்லிவிட்டான். கிறிஸ்பின் கெட்டவன் கிடையாது, கெட்டவனாவதற்கும் ஒரு முதுகெலும்பு வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற மெட்டில்டாவே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று ஊரில் ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. அவள் வீட்டுக்காரருக்குச் சந்தடி ஆகாது, மகன் வந்தால் தங்குகிற அறையை அப்படியே வைத்திருக்க வேண்டும், தவிர, உரிமை என்று ஒன்று இருக்கும்போது தயவை ஏன் தேடுவது?

ஆகவே மெட்டில்டா விண்ணப்பம் எழுதினாள். கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருடம் படித்த கையெழுத்து, ஒரு எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்காது. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், டாக்டர் சீட்டுகள் தேதிவாரியாக, போட்டோ நான்கு. எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஒன்றே ஒன்றில்தான் கோட்டைவிட்டாள்.

குழு கூடுகிற புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்து, இரண்டு வாளி வெந்நீர் போட்டு, அமலிக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, கஞ்சி போட்ட கோட்டா புடவையை மடிப்பு மடிப்பாக எடுத்துக் கட்டி, ஏழு ஊக்கு குத்தி, தலையை வகிடு பிசகாமல் பின்னி, கழுத்துக்குப் பவுடர் போட்டு, கைக்குட்டையில் கொலோன் இரண்டு சொட்டு விட்டுக் கையில் திணித்தாள். சர்க்கார் உத்தியோகஸ்தர் முன்னால் கசங்கிப்போய் நிற்பதைவிடச் சாவது மேல் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. அவளுக்கு மட்டுமல்ல, வேதக்குளத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். பிணத்துக்கே பவுடர் போட்டுத்தான் பெட்டியை மூடுவார்கள்.

நடக்க முடியாதவர்கள் வருகிற குழுவை முதல் மாடியில் வைத்திருந்தார்கள். வைத்த புண்ணியவானின் புத்திக்கு எத்தனை சதவீதம் என்று யாரும் அளக்கவில்லை. மெட்டில்டா தங்கச்சியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டுபோய் நிறுத்தினாள். மனநல டாக்டர் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“நீட்டா இருக்காங்களே.”

“ஆமா டாக்டர்” என்றாள் மெட்டில்டா, பாராட்டு என்று நினைத்துக்கொண்டு.

“குளிப்பாங்களா?”

“எங்க வீட்டுல குளிக்காம ஒருத்தரும் இருக்க மாட்டாங்க டாக்டர்.”

டாக்டர் எதையோ டிக் அடித்தார். பிறகு அமலியைப் பார்த்து, “எப்படிம்மா இருக்கீங்க?” என்றார். அமலி கைக்குட்டையைப் பிடித்தபடி, “நல்லா இருக்கேன் சார்” என்றாள். இந்த ஊரில் யார் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மூக்கில் குழாயும் நெஞ்சில் ஒயருமாகக் கிடக்கிறவனும் கட்டைவிரலைத் தூக்கி அதைத்தான் சொல்வான். டாக்டரோ அதைப் புதுச் செய்தி மாதிரி குறித்துக்கொண்டார். இருபது சதவீதம்.

வெளியே குமாஸ்தா ஞானதுரை, எல்லாம் தெரிந்த மனிதர், சீட்டை முத்திரை குத்தித் தந்துவிட்டுத் தணிந்த குரலில், “அடுத்த தடவை கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏதாச்சும் கொண்டாங்கம்மா” என்றார்.

“ஒமக்குத் தலைவலின்னா மண்டையைப் பொளந்து காட்டித்தான் லீவு வாங்குவீரோ?” என்று மெட்டில்டா கேட்டாள். ஞானதுரை சிரித்தார். அவளைப் போன்ற பெண்கள் வாரம் நாலு பேர் வருவார்கள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, தண்ணி லாரி ஆரன் அடித்த நேரத்தில், கட்டில் எழுந்து நடந்தது.

ஆறு வருடமாக அந்தப் புத்திமதியைக் கேட்டுக்கொண்டிருந்தது அமலி ஒருத்தி மட்டும் இல்லையே. முதலில் முன்னங்கால் இரண்டையும் நீட்டி நெட்டி முறித்தது. வலதுபக்கப் பின்னங்கால் ஒன்று பிறவியிலேயே ஒரு விரற்கடை குட்டை, அதற்கு அடியில் வைத்திருந்த அட்டையை உதறித் தள்ளியது. பிறகு, அந்த வீட்டின் வாசற்படிகளை முப்பது வருடமாகத் தெரிந்த பெரிய மனிதர் மாதிரி ஒருக்களித்துத் திரும்பி, மேலே படுத்திருந்தவள் உருண்டுவிடாதபடி சுவர்ப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொடுத்து, டக்கு டக்கு டக்கு, டொக்கு, டக்கு டக்கு டக்கு, டொக்கு என்று தெருவில் இறங்கி, தண்ணி வரிசையில் ஏழாவதாகப் போய் நின்றது.

எட்டாவதாக நின்ற லூர்து கட்டிலை மேலும் கீழும் பார்த்தாள். “கொடம் கொண்டாரலியா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் வேதக்குளம் பட்ட ஆச்சரியம்.

கட்டில் நடப்பதை நம்புவதற்கு அவர்களுக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அதன்மேல் கிடக்கிறவளால் நடக்க முடியாது என்பதை ஆறு வருடமாகியும் ஒருத்தராலும் நம்ப முடியவில்லை. அன்று மத்தியானத்துக்குள் தெருமுழுக்க ஒரே பேச்சு. “கட்டைக்கு இருக்கிற சொரணை அவளுக்கு இல்லையே பாத்தியா” என்றார்கள். “ஒத்தக்கால் குட்டை, அப்படியிருந்தும் எந்திரிச்சுப் பொழைப்பைப் பாக்குது” என்றார்கள். ரெக்ஸி வாசலில் நின்று, “நான் அப்பமே சொன்னேன்லா, மனசு வச்சா நடக்கலாம்னு” என்றாள். யார் மனசு, யார் கால் என்று அவளைக் கேட்கிற அளவுக்கு மெட்டில்டாவுக்கு அன்று தெம்பில்லை.

ஒரு வாரத்தில் அதற்குக் கட்டிலண்ணன் என்று பேர் விழுந்தது. கட்டிலண்ணன் காலையில் தண்ணி பிடிக்கப் போனார், தலைமாட்டுச் சட்டத்தில் நாலு குடம், கால்மாட்டில் நாலு குடம். பத்து மணிக்கு ரேஷன் கடையில் தெருவுக்கே இடம்பிடித்து நின்றார். “கட்டிலண்ணே, அப்படியே இந்த அரிசி மூட்டையையும் ஏத்திக்கிடுங்க” என்று சொல்லிக்கொண்டே பெண்கள் மூட்டையை ஏற்றினார்கள், அமலியின் கால் இருந்த இடத்தில் இருபது கிலோ, முதுகுப்பக்கம் மண்ணெண்ணெய் கேன், கைக்கடியில் வெங்காயம். அமலி மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் இன்னொரு மூட்டையாக, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வந்தாள். ஒருத்தர் அவளிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டதில்லை. எல்லா மரியாதையும் சட்டத்தைத் தொட்டுத்தான். போக்குவரத்துக் காவலர் ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தி, பின்பக்கம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி, எச்சரித்து விட்டுவிட்டார். கவுன்சிலர், இது கைவண்டிக் கணக்கில் வருமா மாட்டுவண்டிக் கணக்கில் வருமா என்று நகராட்சிக்கு எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். கல்யாண வீட்டுக்காரர்கள் பாத்திரம் ஏற்றக் கேட்டு வந்தார்கள், கிறிஸ்பின் டைரியில் தேதி குறித்துக்கொண்டான்.

கோவிலில்தான் கொஞ்சம் யோசித்தார்கள். பைபிளில் வருகிற, ஊருக்கே தெரிந்த அந்தப் பழைய புதுமையில் முடங்கிக் கிடந்த ஆள் எழுந்து படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனான். இங்கே வரிசை தலைகீழாகக் கிடக்கிறதே என்று பங்குச் சாமியாருக்கு இரண்டு நாள் சங்கடம். கடைசியில், பூசைக்கு வரலாம், ஆனால் முட்டுப் போடாத சென்மத்துக்குக் கடைசி வரிசைதான் என்று தீர்மானித்தார். கட்டிலண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணியடித்ததும் முன்னங்கால் இரண்டையும் மடித்துச் சுத்தபத்தமாக முட்டுப் போட்டார். அமலி சறுக்கிக்கொண்டு தலைகீழாகப் போனாள். இரண்டு பேர் ஓடிவந்து அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்கள். பக்தியாகப் பிடித்தார்கள், கண்களைக் கட்டிலண்ணன்மேல் வைத்துக்கொண்டு. அதிலிருந்து வாராவாரம் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது, கணுக்கால் பிடிக்க இரண்டு பேர், அதற்கு ஒரு பட்டியல், பட்டியலில் பேர் வரவில்லை என்று ஒரு சண்டை.

இத்தனையையும் மெட்டில்டா வாயில் காறித்துப்ப எச்சில் போதாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவளுக்குள் ஒரு நம்பிக்கை முளைத்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேண்டும் என்றானே, இதைவிட என்ன தெரியவேண்டும்? தங்கச்சியால் முடியாததால்தானே கட்டில் எழுந்து நடக்கிறது? இரண்டாவது தடவை விண்ணப்பம் போட்டாள். இந்த முறை எந்தத் தப்பும் செய்வதில்லை என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, குழு கூடுவதற்கு முன்னால் ஐந்து நாள் அமலியைக் குளிப்பாட்டவில்லை. எண்ணெய்ச் சிக்கு விழுந்த தலையையும், சாம்பார் தெறித்த நைட்டியையும், அழுக்கேறின தலையணை உறையையும் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை பரபரத்தது. ஐந்தாம் நாள் அவள் தன் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் இரண்டு தடவை விளக்கிவைத்தாள்.

“யாராவது எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிராதே, கேட்டியா?” என்று அமலியிடம் சொன்னாள்.

“ம்” என்றாள் அமலி.

“என்ன சொல்லுவே?”

அமலி வெகுநேரம் யோசித்தாள். “சாக்கு” என்றாள்.

“அதைச் சொல்லு. அது போதும். என் ராசாத்தி.”

புதன்கிழமை காலை மெட்டில்டா அந்த வீட்டுக்குப் போனபோது காரியம் கெட்டிருந்தது. கட்டிலண்ணன் பெரியாஸ்பத்திரிக்கு, அத்தனை பெரிய மனுஷாளுக்கு முன்னால், இந்தக் கோலத்திலா போவார் என்று தெருப்பெண்கள் எல்லாம் விடியும்போதே வந்துவிட்டிருந்தார்கள். பழைய விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, லூர்து தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த சாட்டின் விரிப்பை விரித்திருந்தாள். சுற்றிலும் லேஸ் தைத்த மறைப்பு. சட்டத்துக்கு வார்னிஷ். நாலு காலுக்கும் மல்லிகைப்பூ. அமலியும் கட்டிலின் ஒரு பாகம் என்பதால் அவளையும் துடைத்து, அலசி, பவுடர் போட்டு, பட்டுப்புடவை சுற்றி வைத்திருந்தார்கள்.

“சனியன்களா” என்றாள் மெட்டில்டா.

“நீங்க கவனிக்கலேன்னா நாங்களும் விட்டுருவமாக்கும்” என்றாள் லூர்து, கண் கலங்கி.

தெருவே கூட வந்தது. நாற்பது பேருக்கு நடுவில் கட்டிலண்ணன் முதல் மாடிக்கு ஒவ்வொரு படியாக ஏறினார், டக்கு டக்கு டக்கு, டொக்கு. மனநல டாக்டர் போனை வைத்துவிட்டார். இந்தத் தடவை அவர் உண்மையிலேயே அக்கறையாகத்தான் விசாரித்தார். அக்கறையில்லாதவன் விசாரித்தாலாவது பாதி தப்பித்திருக்கலாம். அமலியைப் பார்த்து அவர் வாயைத் திறப்பதற்குள் நாற்பது வாய் திறந்தது. தினமும் வெளிய போறாங்களா? காலையில தண்ணிக்கு, பத்து மணிக்கு ரேஷனுக்கு சார். நாலு பேர்கிட்ட பழகுறாங்களா? அவங்க இல்லாம எங்க தெருவுல ஒரு காரியம் உண்டுமா? கோவில், கல்யாணம்? ஒண்ணு விடுறதில்ல சார். வேலை வெட்டி? யம்மா, லோடு லோடா! டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் அடித்தார், முகம் மலர்ந்துகொண்டே வந்தது, தங்கள் ஆஸ்பத்திரி மாத்திரைதான் இத்தனைக்கும் காரணம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

“டாக்டர், போறது அவ இல்ல. கட்டில்” என்றாள் மெட்டில்டா. “கட்டில் போகுது. அவ அது மேல கெடக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளைக் கேளுங்க. அவகிட்ட ஒரு வார்த்தை இருக்கு.”

“போன தடவைக்கு எவ்வளவோ முன்னேற்றம்மா. நீங்கதான் அவங்களைப் பேஷண்டாவே பாக்குறீங்க” என்றார் டாக்டர். ஐந்து சதவீதம் என்று எழுதினார்.

அமலி உதட்டை அசைத்தாள். சா என்று தொடங்கியது. நாற்பது பேர் கைதட்டின சத்தத்தில் மீதி போன இடம் தெரியவில்லை.

அந்த அறையில் இரண்டாவது மேசை ஒன்று உண்டு. அதில் எலும்பு டாக்டர், அன்றைக்கு ஆள் வராமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர், கட்டிலண்ணன் படியேறி வந்தபோதே அந்த டொக்கைக் கேட்டிருந்தார். எழுந்து வந்து, லேஸை விலக்கி, வலதுபக்கப் பின்னங்காலைத் தட்டிப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார். “இந்தக் காலை வச்சுக்கிட்டா இத்தனை லோடு தூக்கினே?” என்றார். சட்டத்தில் கை வைத்து மெல்லத் தடவிக்கொடுத்தார். தெருப்பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அறுபது சதவீதம், நிரந்தரம் என்று எழுதினார். அடியில், இனி எடை தாங்கக் கூடாது, பூரண ஓய்வு என்றும் எழுதினார்.

ஞானதுரை படிவத்தை நிரப்பினார். பெயர்: கட்டிலண்ணன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

“ஆசாரி பேரு தெரியுமா?”

யாருக்கும் தெரியவில்லை. “எங்கப்பாதான் செய்யச் சொல்லி வாங்கினது” என்றான் கிறிஸ்பின்.

“அப்ப அவரையே போட்டுருவோம்” என்று ஞானதுரை சவரிமுத்து என்று எழுதி, ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். இறந்துபோன வாத்தியாருக்குச் சம்பாதிக்க முடியாத பிள்ளை ஒன்று இருப்பது அந்தக் குத்தோடு சர்க்காருக்கு ருசுவானது. மெட்டில்டா ஆங்கிலத்திலும் தமிழிலும் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஏசினாள். சர்க்கார் அறைகள் ஏச்சுக் கேட்டுப் பழகியவை, சுவரில் ஒரு சுண்ணாம்புத் துணுக்குகூட உதிரவில்லை. மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்று கேட்டாள். உண்டு, ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் பென்ஷன், அது அண்ணனுக்குப் போய்விட்டது என்று ஞானதுரை பொறுமையாக விளக்கினார்.

டிசம்பர் முதல் வாரம் நகராட்சி மண்டபத்தில் விழா நடந்தது. கட்டிலண்ணனுக்கு அடையாள அட்டையும் சால்வையும் தந்தார்கள். அதற்குப் பிறகு கட்டிலண்ணன் நடக்கவில்லை. பூரண ஓய்வு. ஊர் அதை எவ்வளவு சட்டென்று புரிந்துகொண்டது! “பாவம், முடியாத சீவன்” என்றார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள். எந்திரி, நட என்று ஒருத்தரும் சொல்லவில்லை. லூர்து தினமும் மத்தியானம் வந்து காலுக்குத் தைலம் தடவிவிட்டுப் போனாள். வந்தவர்கள் எல்லாம் கட்டிலின் கால்மாட்டில் நின்று, குரலைத் தணித்து, “ஒண்ணும் அவசரமில்லண்ணே, ஒங்களுக்கு எப்ப முடியுதோ அப்பப் போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எடை தாங்கக் கூடாது என்று டாக்டரே எழுதியிருந்ததால், அமலியை இறக்கிக் கீழே பாயில் போட்டிருந்தார்கள்.

வீட்டை விற்கிற பேச்சு நின்றது. அண்ணன் பேரில் பென்ஷன் வருகிற வீடு அது, அண்ணன் ஓய்வெடுக்கிற வீடு. ஆனால் ஒரு சின்ன அறையில் இரண்டு பேரை வைத்துப் பார்ப்பது ரெக்ஸியால் ஆகாத காரியம், அதுவும் ஒருத்தர் நிஜமாகவே முடியாதவராக இருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கூடத்தில் கூடினார்கள், கிறிஸ்பின், ரெக்ஸி, கவுன்சிலர், பங்குச் சாமியார், தைலக் கிண்ணத்தோடு லூர்து, வாசல் பக்கத்து நாற்காலியில் மெட்டில்டா. காப்பகத்துக்குப் போன் போட்டாகிவிட்டது, வேன் வெள்ளிக்கிழமை வரும் என்றான் கிறிஸ்பின். வெள்ளிக்கிழமை ஒரு நல்ல நாள்தான் என்றார் சாமியார். அங்கே காற்று நன்றாக இருக்கும் என்றார் கவுன்சிலர், அவர் அங்கே போனதில்லை.

“காத்து நல்லா இருந்தா நீர் போயி இரும்” என்றாள் மெட்டில்டா. “பென்ஷன் வாங்குறது மரக்கட்டை, வண்டியேறுறது மனுஷி. சாமி, இதுக்கு நீங்க நாள் வேற பாத்துக் குடுக்கீங்க. இந்த வீட்டுல ஒருத்தருக்காவது நெஞ்சுன்னு ஒண்ணு இருந்திருந்தா, அவளை அனுப்பணும்னு நாக்கு வளையுமா?”

“நீங்க சொல்லுறது சரிதான் மதினி” என்றாள் ரெக்ஸி, முதன்முறையாகச் சண்டை போடாமல். “என்ன செய்யலாங்கறீங்க?”

அப்போது உள்ளறை வாசலில் அசைவு தெரிந்தது. அமலி பாயைவிட்டு எழுந்திருந்தாள். எழுந்தாள் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஒவ்வொரு சாணாக உடம்பை இழுத்து இழுத்து, நிலைப்படிவரைக்கும் வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக வந்துகொண்டிருந்தாளோ. மூச்சு வாங்கியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் தாண்டி மெட்டில்டாவைப் பார்த்தாள்.

“அக்கா” என்றாள். “நான் ஒங்க வீட்டுக்கு வரட்டுமா?”

கவுன்சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லூர்து கிண்ணத்தில் தைலம் ஆறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மெட்டில்டா வாயைத் திறந்தாள். பிறகு மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை, மூடியே இருந்ததை, ஒரு முறை திறந்து மூடினாள்.

“தரையில படுத்துக்கிடுதேன்க்கா” என்றாள் அமலி. “ஓரமாப் போதும்.”